கனிம நிரப்பிகளுக்குப் பரப்பு நேர்த்தி: கால்சியம் கார்பனேட்டில் சிலேன் ஏன் எடுபடவில்லை?

இருதிருகு:

வணக்கம். இரண்டு கலவைகள் பற்றிக் கேட்க வேண்டியுள்ளது. முதலாவது, பாலிப்ரொப்பிலீனில் எடை அளவில் 40 சதவீதம் கால்சியம் கார்பனேட். துகளின் சராசரி அளவு ஏறத்தாழ 2 மைக்ரான். தூளை அதிவேக மிக்சரில் போட்டு, அமினோ சிலேனால் (துகளையும் பாலிமரையும் இணைக்கப் போடும் வேதிப்பொருள்) நேர்த்தி செய்த பிறகே எக்ஸ்ட்ரூடருக்கு அனுப்புகிறோம். விறைப்பு எதிர்பார்த்தபடி கூடியிருக்கிறது. ஆனால் இழுவலிமை, வெறும் தூளைப் போட்டபோது கிடைத்ததைவிடச் சொல்லும்படியாக ஏறவில்லை. சிலேன் தந்தவர் அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டிப் பார்த்ததில் உருகிய கலவை சற்று இளகியதே தவிர, வலிமை நகரவில்லை.

இரண்டாவது, நைலான் 66-இல் 40 சதவீதம் வொலாஸ்டோனைட் (ஊசி வடிவக் கால்சியம் சிலிக்கேட் கனிமம்). இதுவும் அமினோ சிலேன் நேர்த்தியுடன் வருவதுதான். உலர்ந்த நிலையில் வலிமை நன்றாக இருக்கிறது. வெந்நீரில் ஊறிய பிறகு சரிந்துவிடுகிறது. குறை நேர்த்தியிலா வேறெங்காவதா என்று பிரித்தறிய முடியவில்லை.

ஒரே சிலேன் ஒரு கனிமத்தில் பலன் தந்து மற்றொன்றில் தராமல் போவது ஏன்? எவ்வளவு போட வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டா? போட்டது உண்மையிலேயே துகளைப் பற்றியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அடுத்ததாகப் பாலிஃபினிலீன் சல்ஃபைடிலும் ஒரு கலவை செய்ய வேண்டியிருப்பதால், அடிப்படையிலிருந்தே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கனிமத்தூள்:

முதல் கலவையில் சிலேனின் இரு முனைகளுக்கும் சரியான வேலை இல்லை. அளவைக் கூட்டினால் அது மாறாது.

சிலேன் மூலக்கூறின் ஒரு முனையில் சிலிக்கான் அணுவுடன் மூன்று ஆல்காக்சி தொகுதிகள் உள்ளன. நீர் பட்டதும் அவை ஆல்கஹாலாகப் பிரிந்து சிலானோலாக மாறுகின்றன. அந்தச் சிலானோல், கனிமத்தின் பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளுடன் நீரை வெளியேற்றி இணையும்போதுதான் உறுதியான பிணைப்பு உருவாகிறது. சிலிக்காவின் பரப்பில் ஒரு சதுர நானோமீட்டருக்கு ஏறத்தாழ 5 ஹைட்ராக்சில்கள் இருக்கும். கண்ணாடி, காவோலின், வொலாஸ்டோனைட், அலுமினியம் ட்ரைஹைட்ராக்சைடு ஆகியவையும் இந்த வகையில் வசதியானவை. மைக்காவும் டால்க்கும் தகட்டு வடிவினவாதலால் அவற்றின் விளிம்புகள்தாம் வினைபுரியும். டால்க்கின் அகன்ற முகம் இயல்பிலேயே நீரை விலக்குவது, அங்கே சிலேனுக்குப் பிடிமானம் கிடையாது. கால்சியம் கார்பனேட்டிலும் பேரியம் சல்பேட்டிலும் பிடிமானம் மிகக் குறைவு; அங்கே உருவாகும் பிணைப்பு எளிதில் உடைந்துவிடும்.

மறுமுனைக்கு வருவோம். உங்கள் சிலேனில் இருப்பது அமினோ தொகுதி. நைலானின் அமில முனைகளோடும் எபாக்சியோடும் அது வினைபுரியும். பாலிப்ரொப்பிலீன் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட சங்கிலி; அமினோ தொகுதி கைகோக்க அதில் எதுவும் இல்லை.

கால்சியம் கார்பனேட்டுக்கு வழக்கமான நேர்த்தி ஸ்டியரிக் அமிலம். அதன் அமில முனை பரப்பிலுள்ள கால்சியத்துடன் உப்பாக மாறி நிலைபெறுகிறது. 18 கார்பன் கொண்ட நீள் வால் வெளிநோக்கி நிற்கிறது. அதனால் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்வது குறைகிறது, ஈரம் ஏறுவது குறைகிறது, உருகிய கலவை எளிதாக ஓடுகிறது. ஆனால் வலிமை கூடும் என்று எண்ண வேண்டாம். மேற்பரப்பு ஆற்றல் இறங்குவதால் துகளுக்கும் பாலிமருக்கும் இடையிலான கவர்ச்சியும் இறங்குகிறது. ஸ்டியரிக் அமிலம் பாலிமருடன் எந்தப் பிணைப்பையும் உண்டாக்குவதில்லை.

இதைக் குறையாகப் பார்க்கவும் கூடாது. டயப்பர் போன்றவற்றின் வெளியுறையாக வரும், நீராவியை விடும் ஆனால் நீரை விடாத படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிஎத்திலீனில் பாதிக்கு ஒட்டிய எடையளவு ஸ்டியரேட் பூசிய கால்சியம் கார்பனேட்டைக் கலந்து படலமாக்கி இழுக்கிறார்கள். இழுக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் பாலிமர் விலகி நுண்துளை உண்டாகிறது. துகள் பாலிமரை விடாமல் பிடித்திருந்தால் அந்தப் பொருளே உருவாகாது. துகளும் பாலிமரும் பிரியும் இடத்தை நாமே தீர்மானிக்கிறோம் என்பதுதான் பரப்பு நேர்த்தியின் பொருள். உங்கள் வாடிக்கையாளர் உண்மையில் கேட்பது இழுவலிமையையா, மோதல் வலிமையையா?

உருகோட்டம்:

கனிமத்தூள் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் "வலிமை கூடும் என்று எண்ண வேண்டாம்" என்று ஸ்டியரிக் அமிலத்தோடு நிறுத்திவிட்டால், இழுவலிமைதான் வேண்டும் என்பவருக்கு வழி தெரியாமல் போய்விடும்.

முதலில் கன அளவைப் பாருங்கள். கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி 2.7, பாலிப்ரொப்பிலீனுக்கு 0.905. எடையில் 40 சதவீதம் என்பது கன அளவில் 18 சதவீதம்தான். மீதி 82 சதவீதம் பாலிமர். கோள வடிவத்துக்கு அருகில் இருக்கும் துகள் விறைப்பைக் கூட்டும். வலிமையைக் கூட்ட வேண்டுமானால், பாலிமர் தன் நெகிழ்வு வரம்பை எட்டும் வரை துகள் அதைவிட்டுப் பிரியாமல் இருக்க வேண்டும். துகள் பெரிதாக இருந்தாலும், கவர்ச்சி குறைவாக இருந்தாலும், குறைந்த சுமையிலேயே பிரிந்துவிடும். இழுவலிமை இறங்குவதற்குக் காரணம் அதுதான்.

பாலிப்ரொப்பிலீனில் ஒட்டவைக்க வேண்டுமானால், சங்கிலியில் மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டுப்போட்ட பாலிப்ரொப்பிலீனை ஓரிரு சதவீதம் சேர்ப்பது நடைமுறையில் மிகவும் நம்பகமானது. அதன் அமிலத் தொகுதி கார்பனேட்டின் காரத்தன்மையுள்ள பரப்பைப் பற்றும். நீண்ட சங்கிலி சுற்றியுள்ள பாலிமரோடு பின்னிப் படிகமாகும். ஆனால் இதை ஸ்டியரேட் பூசிய தூளோடு சேர்ப்பது வீண்செலவு, ஏனெனில் பற்றவேண்டிய இடத்தை ஸ்டியரேட் முன்னரே பிடித்துவைத்திருக்கிறது. பூசிய தூளையும் மாலியிக் ஒட்டையும் ஒரே கலவையில் போட்டுவிட்டு "இரண்டும் போட்டோம், இரண்டும் பலிக்கவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். இந்த வேலைக்கு வெறும் தூளையே வாங்குங்கள்.

பரப்பாய்வு:

அமினோ சிலேன் கால்சியம் கார்பனேட்டில் பயனே இல்லை என்பதை நான் அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். மற்ற சிலேன்களைக் காட்டிலும் அது வேறுபடுகிறது. அமினோ தொகுதி காரமாதலால், சிலானோல்கள் நீரை வெளியேற்றி இணையும் குறுக்க வினையைத் தானே விரைவுபடுத்துகிறது. கார்பனேட்டின் பரப்பில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து, வலைபோன்ற பாலிசிலாக்சேன் படலமாகத் துகளைச் சுற்றி மூடுகின்றன. அந்தப் படலம் கனிமத்தோடு தனித்தனியாகப் பிணையாவிட்டாலும், கரைப்பானில் எளிதில் கழுவிப்போகாது. எக்ஸ்ட்ரூடரில் பாலிப்ரொப்பிலீன் சற்றே ஆக்சிஜனேற்றம் அடையும்போது உருவாகும் அமிலத் தொகுதிகளோடு வெளியே நிற்கும் அமினோ வினைபுரிய வாய்ப்புண்டு. அந்த அமிலத் தொகுதிகள் மிகச் சில என்பதால் பலன் சிறிதாகவும் தொகுப்புக்குத் தொகுப்பு மாறுவதாகவும் இருக்கும். உருகோட்டம் சொன்ன மாலியிக் ஒட்டுப் பாலிமரை இதனோடு சேர்த்தால், அமினோவும் அன்ஹைட்ரைடும் வினைபுரிந்து இமைடாகின்றன. அப்போது அமினோவுக்கு உண்மையிலேயே ஒரு துணை கிடைக்கிறது. கண்ணாடி இழை போட்ட பாலிப்ரொப்பிலீனில் இந்த இணைதான் பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது.

இருதிருகு அவர்களே, தூளின் பரப்பளவு தெரியுமா? துகளின் சராசரி அளவை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது.

இருதிருகு:

வாடிக்கையாளருக்கு இழுவலிமை, மோதல் வலிமை இரண்டுமே வேண்டும் என்பதுதான் சிக்கல். தூளின் சான்றிதழில் நைட்ரஜன் உறிஞ்சல் முறையில் கிராமுக்கு 5 சதுர மீட்டர் என்றும், வொலாஸ்டோனைட்டுக்கு கிராமுக்கு 2 சதுர மீட்டர் என்றும் உள்ளது.

பரப்பாய்வு:

அப்படியானால் கணக்கிடலாம்.

ஸ்டியரிக் அமில மூலக்கூறு பரப்பில் நிமிர்ந்து நிற்கும்போது ஏறத்தாழ 0.21 சதுர நானோமீட்டர் இடம் பிடிக்கிறது. அதன் மூலக்கூற்று எடை 284.5. ஒரு சதுர மீட்டரை ஓரடுக்காக மூட 2.25 மில்லிகிராம் தேவை. அதாவது கிராமுக்கு ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பளவுக்கும் தூளின் எடையில் 0.22 சதவீதத்துக்குச் சற்று மேல். உங்கள் தூளுக்கு 1.1 சதவீதம். கிராமுக்கு 20 சதுர மீட்டர் பரப்புள்ள நுண்ணிய வீழ்படிவுக் கார்பனேட்டாக இருந்தால் 4.5 சதவீதம். ஒரே கனிமம், ஒரே பெயர், ஆனால் தேவை நான்கு மடங்கு. "எல்லாத் தூளுக்கும் ஒரு சதவீதம்" என்ற கைக்கணக்கு பல இடங்களில் இன்றும் நடைமுறையில் இருப்பது வியப்பளிக்கிறது.

சிலேனுக்கு வழக்கத்தில் உள்ள கணக்கு, ஒரு கிராம் சிலேன் எவ்வளவு பரப்பை மூடும் என்பதிலிருந்து தொடங்குகிறது. அமினோப்ரொப்பைல் ட்ரைஎத்தாக்சி சிலேனுக்கு அது 353 சதுர மீட்டர். 100 கிராம் வொலாஸ்டோனைட்டின் மொத்தப் பரப்பு 200 சதுர மீட்டர், வகுத்தால் 0.57 கிராம். இது ஓரடுக்குக்கான தோராயத் தொடக்கமே. தூளின் துளைகளுக்குள் நைட்ரஜன் நுழையும் இடமெல்லாம் சிலேன் நுழையாது. மறுபக்கம், சிலேன் தனக்குள்ளேயே இணைந்து ஒரே இடத்தில் குவியலாகவும் படியும்.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். பரப்பைப் பற்றாத சிலேன் குறுஞ்சங்கிலிகளாகப் பாலிமரில் கலந்து மசகுபோல் நடந்துகொள்கிறது. கலவை இளகியது அதனால்தான். ஸ்டியரிக் அமிலம் மிஞ்சினால் டையின் உதட்டில் படியும், மோல்டில் வெள்ளைப் படிவு விடும், பின்னால் பெயின்ட் ஒட்டாது.

ஒட்டியிருப்பதையும் சும்மா இருப்பதையும் பிரிப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். பலரும் முதலில் செய்வது ஒரு கரண்டித் தூளை நீரில் தூவிப் பார்ப்பது. பூசாத தூள் நனைந்து மூழ்கும், பூசியது மிதக்கும். ஆனால் பாதி மூடிய தூளும் மிதக்கும் என்பதால், இது பூச்சு இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். வெப்ப எடையறி ஆய்வு அதைவிட மேல். கால்சியம் கார்பனேட் 600 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் சிதையத் தொடங்குகிறது. ஸ்டியரேட் 200-க்கும் 450-க்கும் இடையில் போய்விடும். அந்த இடைவெளியில் குறையும் எடை பூச்சின் எடை. பிறகு அதே தூளைச் சூடான டொலுயினில் நன்றாகக் கழுவி, உலர்த்தி, மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடுதான் ஒட்டாமல் இருந்தது.

அகச்சிவப்பு நிறமாலையும் இதையே வேறு விதமாகக் காட்டும். கட்டற்ற ஸ்டியரிக் அமிலம் 1700 அலை எண்ணருகே (ஒரு சென்டிமீட்டருக்கு) உச்சம் காட்டும். கால்சியத்துடன் உப்பானது 1540, 1575 ஆகியவற்றின் அருகே இரட்டை உச்சமாக வரும். 1700 பெரிதாகத் தெரிந்தால், மிக்சர் சூடாகவில்லை, அல்லது அளவு மிஞ்சிவிட்டது. அமிலம் உருகுவதே 69 டிகிரியில். தூளின் ஈரமும் போக வேண்டும், வினையும் முடிய வேண்டும் என்றால் மிக்சர் 100 டிகிரிக்கு மேல் போக வேண்டும்.

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. வெவ்வேறு அளவு பூசிய தூள்களை ஒரே விகிதத்தில் திரவப் பாரஃபினில் கலக்கிப் பாகுநிலையை அளந்து வரையுங்கள். அளவு கூடக் கூடப் பாகுநிலை வேகமாக இறங்கி, ஓரிடத்தில் கோடு மடங்கித் தட்டையாகும். அந்த மடங்கும் இடத்துக்கு மேல் போடுவது பரப்புக்குப் போகவில்லை.

கேபிள்உறை:

வெப்ப எடையறி ஆய்வு எல்லாக் கனிமத்துக்கும் இவ்வளவு எளிதல்ல என்பதைச் சேர்க்க வேண்டும். நான் பார்ப்பது ஹாலஜன் இல்லாத தீத்தடுப்பு உறைக் கலவைகள். அலுமினியம் ட்ரைஹைட்ராக்சைடு 200 டிகிரியிலேயே நீரை விடத் தொடங்கி, தன் எடையில் 34.6 சதவீதத்தை இழக்கிறது. அரை சதவீதச் சிலேன் அந்த இறக்கத்துக்குள் காணாமல் போய்விடும். அங்கே கார்பன் அளவைத் தனியாகப் பகுப்பாய்வு செய்வதே வழி. 300 டிகிரி வரை தாங்கும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடிலும் இதே தொல்லைதான்.

எங்கள் துறையில் பரப்பு நேர்த்தி இல்லாமல் பொருளே கிடையாது. எத்திலீன் வினைல் அசிடேட்டில் எடையளவில் 60, 65 சதவீதம் தூள் போக வேண்டும். அதற்குக் குறைந்தால் தீ அணையாது. அவ்வளவு போட்ட பிறகும் உறை முறியாமல் நீள வேண்டும், நீரில் கிடந்தாலும் மின்காப்பு இறங்கக் கூடாது. வினைல் சிலேன் போட்டுச் சிறிதளவு பெராக்சைடு சேர்த்தால் பாலிமர்ச் சங்கிலியோடு வினைல் இணைகிறது. அமினோ சிலேன் என்றால் மாலியிக் ஒட்டு வேண்டும். இரண்டிலும் வலிமை ஏறும். ஓர் எல்லைக்கு மேல் இணைப்பை இறுக்கினால் நீட்சி இறங்கிவிடும், எக்ஸ்ட்ரூடரின் அழுத்தம் ஏறிவிடும். ஒட்ட வைப்பதா, விலக விடுவதா என்பதற்கு எங்களிடம் ஒரே விடை இல்லை. எவ்வளவு ஒட்ட வைப்பது என்பதைத்தான் ஒவ்வொரு கலவைக்கும் தேடுகிறோம்.

முன்கூட்டியே நேர்த்தி செய்த தூள்தான் வேண்டும் என்று பலர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. சிலேனைக் கலவை நேரத்திலேயே நேரடியாகச் சேர்த்து நல்ல பலன் பெறலாம். 1990களின் தொடக்கத்திலிருந்து டயர்த் துறை சிலிக்காவுக்குச் சல்ஃபைடு சிலேனை ரப்பர் மிக்சரிலேயே சேர்த்து வருகிறது. அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

கனிமத்தூள்:

டயர் உதாரணம் உங்கள் வாதத்துக்கு முழுமையாக உதவாது. ரப்பர் மிக்சரில் சிலிக்காவும் சிலேனும் 140 முதல் 160 டிகிரி வரை சில நிமிடங்கள் சேர்ந்திருக்கும். வெப்பநிலை அதற்குக் கீழே இருந்தால் வினை மந்தம், மேலே போனால் கந்தகம் பிரிந்து ரப்பர் முன்கூட்டியே இறுகும். அந்த இடுக்கான எல்லைக்குள் நிறுத்திவைப்பதற்கென்றே மிக்சர் இயக்குகிறார்கள். இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் பொருள் தங்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியது. அதற்குள் சிலேன் ஆவியாகாமல், நீரால் பிரிந்து, பாலிமரைக் கடந்து துகளைத் தேடிப் போய், குறுக்க வினையையும் முடிக்க வேண்டும். நிறமி, ஆக்சிஜனேற்றத் தடுப்பான், மசகு எல்லாம் அதே பரப்புக்குப் போட்டியிடும்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பானைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கிளைச்செய்தி. டால்க் போட்ட பாலிப்ரொப்பிலீன் வெப்பத்தில் சீக்கிரம் நொறுங்குவதற்குக் கனிமத்திலுள்ள இரும்பு ஒரு காரணம். தடுப்பானைத் துகளின் பரப்பு உறிஞ்சிவைத்துக்கொள்வது மற்றொரு காரணம். சிறிதளவு எபாக்சி பிசினைச் சேர்த்தால் அது பரப்பின் அந்த இடங்களை முந்திக்கொண்டு பிடித்துவிடும், தடுப்பான் பாலிமருக்கு மிஞ்சும். அங்கே நேர்த்தியின் நோக்கம் வலிமையே அல்ல. விலைக்குறிப்பில் "நேர்த்தி செய்தது" என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பதற்குள் இத்தனை வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. எந்த வேலைக்கு என்று கேட்காமல் வாங்குவதே பாதித் தொல்லைக்குக் காரணம்.

கேபிள்உறை:

தங்கும் நேரம் பற்றிய உங்கள் கணக்கை ஏற்கிறேன். ஆனால் நாங்கள் நீர்ம வினைல் சிலேனை அப்படியே ஊற்றுவதில்லை. ஆவியாவது குறைவான குறுஞ்சங்கிலிச் சிலேனைப் பயன்படுத்துகிறோம், பெரும்பாலும் தூளோடு முன்கலவையாகவே. ட்ரைஹைட்ராக்சைடின் பரப்பு முழுவதும் ஹைட்ராக்சில் என்பதால் வினையும் விரைவு. வொலாஸ்டோனைட்டுக்கோ மைக்காவுக்கோ இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

இருதிருகு:

வொலாஸ்டோனைட்டுக்கே வருகிறேன். வெந்நீரில் வலிமை சரிவதற்கு நேர்த்தி காரணமா?

பரப்பாய்வு:

முதலில் நைலானின் பங்கைக் கழித்துவிட வேண்டும். நைலான் 66 சாதாரணக் காற்று ஈரப்பதத்திலேயே தன் எடையில் 2.5 சதவீதம் அளவுக்கும், நீரில் முழுமையாக ஊறினால் 8 சதவீதத்துக்கு மேலும் நீரை ஏற்கும். உலர்ந்த நிலையில் 70, 80 டிகிரியில் இருக்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (விறைத்த பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை), ஊறிய பிறகு அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடுகிறது. எந்த நிரப்பியும் போடாத நைலானும் ஊறினால் வலிமை இழக்கும். எனவே உலர்ந்த மாதிரியையும் ஊறிய மாதிரியையும் ஒப்பிடுவது பயன் தராது. நேர்த்தி செய்த தூள், நேர்த்தி செய்யாத தூள், தூளே இல்லாத நைலான் ஆகிய மூன்றையும் ஒன்றாக ஊறவைத்து ஒப்பிடுங்கள். பிறகு அவற்றைக் கவனமாக உலர்த்தி மறுபடி சோதியுங்கள். உலர்த்தியதும் வலிமை திரும்பினால் அது நைலான் இளகியதன் விளைவு. திரும்பாவிட்டால் துகளும் பாலிமரும் சந்திக்கும் இடைமுகம் பிரிந்திருக்கிறது, அல்லது வெந்நீரில் சங்கிலியே அறுபட்டிருக்கிறது. தூள் இல்லாத மாதிரியின் பாகுநிலை எண்ணை (சங்கிலியின் நீளத்தைக் காட்டுவது) பார்த்தால் கடைசிச் சாத்தியத்தைத் தனியாகப் பிரித்துவிடலாம்.

சிலேன் பிணைப்பு நீருக்கு அசையாதது என்ற எண்ணமும் சரியல்ல. சிலேன் இணைப்பான்களைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த எட்வின் ப்ளூடெமன் முன்வைத்த விளக்கம், அந்தப் பிணைப்பு நீரில் பிரிந்தும் மீண்டும் இணைந்தும் கொண்டிருக்கும் சமநிலை என்பதே. சுற்றியுள்ள படலம் இறுக்கமாக இருந்து, பிரிந்த சிலானோல் இடம்விட்டு நகராமல் இருக்கும் வரை, அது மறுபடி அதே பரப்போடு இணையும். நீர் தேங்கி, சிலானோல் நகர்ந்துவிட்டால் பிணைப்பு போய்விட்டது என்று பொருள். வொலாஸ்டோனைட்டின் பரப்பு காரத்தன்மை உடையது, வெந்நீரில் கால்சியமும் கரைந்து வெளியேறும். கண்ணாடி இழையில் கிடைக்கும் நீடிப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். வொலாஸ்டோனைட்டின் மதிப்பே அதன் ஊசி வடிவத்தில்தான் இருக்கிறது. அதை முதன்மை ஹாப்பரில் போட்டு, உருகாத நைலான் குருணையோடு அரைய விட்டால் ஊசி பொடியாகிவிடும். பீங்கான் கிண்ணத்தில் ஒரு துண்டு கலவையை 600 டிகிரியில் எரித்து, எஞ்சிய சாம்பலை நுண்ணோக்கியில் பாருங்கள். ஊசிகளின் நீளம் அகலத்தைப்போல் மூன்று நான்கு மடங்குதான் இருக்கிறது என்றால், எந்தச் சிலேனைப் போட்டும் பயனில்லை. ஊசி முறிந்த இடத்தில் வெளிப்படும் புதிய பரப்பில் நேர்த்தியும் இருக்காது.

உருகோட்டம்:

அதற்குத்தான் சைடு ஃபீடர். நைலான் முழுமையாக உருகிய பிறகு, திருகின் பிற்பாதியில் வொலாஸ்டோனைட்டைச் சேருங்கள். அதன் பின்னால் பிசையும் பகுதியைக் குறைவாக வையுங்கள். அதிவேக மிக்சரில் நேர்த்தி செய்யும்போதும் இதே கவலை உண்டு. நெடுநேரம் சுழற்றினால் அங்கேயே ஊசி முறியும்.

பாலிஃபினிலீன் சல்ஃபைடைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது 285 டிகிரியருகே உருகும். நடைமுறையில் 310 முதல் 340 வரை வைத்து ஓட்டுவார்கள். அந்தச் சூட்டில் ஸ்டியரிக் அமிலத்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, புகையாகிவிடும். அமினோ சிலேனும் எபாக்சி சிலேனும் இந்தப் பாலிமரில் பயன்படுகின்றன, சங்கிலியின் முனைகளோடு வினைபுரியவும் செய்கின்றன. ஆனால் பரப்பைப் பற்றாமல் மிஞ்சியிருக்கும் பங்கு சிதைந்து வாயுவாகி மோல்டில் கறையாகப் படியும். எனவே இங்கே மிகையளவு போடக் கூடாது. கழுவிப் பார்த்து ஒட்டியது எவ்வளவு என்று உறுதிசெய்த தூளையே எடுக்க வேண்டும். பாலிஈதர்ஈதர்கீட்டோன் இன்னும் கடினம்: உருகுநிலை 343, ஓட்டுவது 370 முதல் 400 வரை. மூன்று கார்பன் பாலம் கொண்ட வழக்கமான சிலேன்கள் அங்கே தாங்குவது அரிது. ஃபினைல் வளையம் கொண்ட சிலேன்கள் வெப்பத்தை மேலும் தாங்கும். பாலிமரும் வளையச் சங்கிலி என்பதால் நனைவதும் நன்றாக இருக்கும். ஆனால் ஃபினைல் சிலேன் பாலிமரோடு வேதியியலாக இணையாது என்பதை நினைவில் வையுங்கள். நனைவும் பரவலும் போதுமா, பிணைப்பே வேண்டுமா என்பதைச் சோதனைதான் சொல்லும். சில கலவைகளில் நன்கு உலர்த்திய, நேர்த்தி செய்யாத கனிமமே மேலாக நின்றிருக்கிறது.

சிலிக்காக்கூடு:

இங்கே எல்லோரும் வலிமையைப் பற்றியே பேசுவதால், மின்னணுச் சில்லுகளை மூடும் எபாக்சி கலவையைக் குறிப்பிட விரும்புகிறேன். எடையில் 80 முதல் 90 சதவீதம் வரை உருண்டைச் சிலிக்கா போகிறது. எபாக்சி சிலேன் இல்லாவிட்டால் அவ்வளவு தூள் போட்ட கலவை மோல்டுக்குள் ஓடி நுண்கம்பிகளைச் சாய்க்காமல் நிரப்பாது. அதைவிட முக்கியம் ஈரம். துகளுக்கும் பிசினுக்கும் இடையில் தேங்கிய நீர், பலகையில் சில்லைப் பற்றவைக்க 260 டிகிரி வரை சூடேற்றும்போது ஆவியாகி உறையை வெடிக்கச் செய்யும். அங்கே நேர்த்தியின் தரத்தை அளப்பது இழுவிசைக் கருவி அல்ல. ஈரமூட்டிச் சூடேற்றிய பிறகு மீயொலிப் படத்தில் பிரிவு தெரிகிறதா என்பதே.

இருதிருகு:

மிகவும் பயனுள்ளதாக இருந்தது. முதல் கலவையை வெறும் கார்பனேட்டும் மாலியிக் ஒட்டும் ஒரு பக்கம், ஸ்டியரேட் பூசியது மறு பக்கம் என்று தனித்தனியாக ஓட்டி, இழுவலிமையையும் மோதல் வலிமையையும் வாடிக்கையாளரிடம் காட்டி, எதை விட்டுக்கொடுப்பார் என்று கேட்கப் போகிறேன். அமினோ சிலேனும் மாலியிக் ஒட்டும் சேர்ந்த மூன்றாவதையும் செய்கிறேன். வொலாஸ்டோனைட்டுக்கு முதலில் எரித்துப் பார்க்கிறேன். ஒன்றே ஒன்று: அமினோ சிலேனுக்கு அசெட்டிக் அமிலம் சேர்த்த நீர் வேண்டுமா? மிக்சரில் தெளிக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பரப்பாய்வு:

எபாக்சி, வினைல், மெத்தாக்ரிலிக் வகைகளை நீரில் கரைக்கும்போது அமிலம் சேர்த்து 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட அமிலநிலையில் வைப்பார்கள். சிலானோல் அங்கேதான் நெடுநேரம் குறுகாமல் நிற்கும். அமினோ சிலேனுக்கு அமிலம் தேவையில்லை, தன் காரத்தன்மையிலேயே விரைவாக நீராற்பகுக்கும். கார்பனேட்டில் அமிலநீரைத் தெளித்தால் பரப்பு கரைந்து கார்பன் டை ஆக்சைடு நுரைக்கும் என்பதால், அந்தத் தூளுக்கு எப்படியும் அமிலம் வேண்டாம். உலர்முறையில் தூளிலுள்ள சிறிதளவு ஈரமே பெரும்பாலும் போதும். முற்றிலும் உலர்ந்த தூளில் வினை தொடங்கவே நேரமெடுக்கும். மெதுவாக, நுண்துளியாகத் தெளியுங்கள். ஒரே இடத்தில் ஊற்றினால் கட்டிகட்டியாகத் திரளும். தெளித்து முடித்த பிறகு 110, 120 டிகிரியில் சிறிது நேரம் வைத்தால்தான் குறுக்க வினை முடியும்.

கனிமத்தூள்:

அந்தச் சூட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமினோப்ரொப்பைல் ட்ரைஎத்தாக்சி சிலேன் முழுமையாக வினைபுரிந்தால், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 620 கிராம் எத்தனால் வெளியேறும். மெத்தாக்சி வகையானால் வருவது மெத்தனால், அது நச்சும்கூட. எத்தனாலின் தீப்பற்று நிலை (அதன் ஆவி பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை) 13 டிகிரிதான், உங்கள் மிக்சரோ 110 டிகிரியில் சுழல்கிறது, மூடியும் மூடியிருக்கும். பெரிய தொகுப்புக்குப் போகும் முன் மிக்சருக்குள் நைட்ரஜன் ஓட்டமும், ஆவியை வெளியே இழுக்கும் குழாயும், உடலை நிலத்தோடு இணைக்கும் கம்பியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டியரிக் அமிலத்துக்காக அமைத்த மிக்சரில் இந்த மூன்றும் பெரும்பாலும் இருக்காது, ஏனெனில் அந்த வேலைக்கு அவை தேவைப்பட்டிருக்காது.